அந்த நாளில் அவனுக்கு என்ன வயது?

வேலை முடிந்த களைப்போடு இந்த வியாசர்பாடித் தெருவில் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, தம்பிகளே, வணக்கம்.

புளியந்தோப்பில் ஓர் அம்மா. மகன் புழல் சிறையில். "புள்ளைய எப்ப சார் விடுவாங்க?" என்று கேட்டார். "சம்பவம் நடந்த அன்னைக்கு அவனுக்கு என்ன வயசும்மா?" என்றேன். கட்டிலடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தார். பழைய ரேஷன் கார்டு, தடுப்பூசி அட்டை, அடியில் பாலித்தீன் கவரில் பள்ளிக்கூட டிசி. மடிப்பில் கிழிந்திருந்தாலும் பிறந்த தேதி தெளிவாக இருந்தது. விரல்விட்டு எண்ணினோம். 17 வயது, 4 மாதம். ஸ்டேஷனில் கேட்டபோது பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ள 19 என்று சொல்லியிருக்கிறான். அப்படியே எழுதிவிட்டார்கள். டிசியை ஒருவரும் கேட்கவில்லை.

1994-ல் புனேயில் 7 பேர் கொல்லப்பட்டார்கள். கொடூரமான குற்றம், செத்தவர்களின் வீட்டு வலியை நான் குறைத்துப் பேசமாட்டேன். அந்த வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற ஒருவர் 28 ஆண்டு சிறையில் கிடந்தார். 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் பள்ளிப் பதிவேட்டை ஏற்று, சம்பவத்தின்போது அவருக்கு 12 வயதுதான் என்று விடுவித்தது. பன்னிரண்டு! அரை டிராயர் போடுகிற வயது.

1920-லேயே குழந்தைகளுக்குத் தனிச் சட்டம் போட்டது நம் மதராஸ் மாகாணம். இன்றுள்ள 2015 சிறார் நீதிச் சட்டப்படி, 18 நிரம்பாதவனுக்குச் சிறையல்ல, சிறாரைத் திருத்தும் சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் 3 ஆண்டு. 16 தாண்டியவன் கொடுங்குற்றம் செய்தால் பெரியவனைப்போல விசாரிக்கலாம் என்றும் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்போதும் தூக்கு கிடையாது. வெளியே வரவே வழியில்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. 21 வயதில் அவன் எப்படி இருக்கிறான் என்று மறுபடி பார்க்கச் சொல்கிறது சட்டம். அதற்குப் பிறகும் உள்ளே இருப்பவனை யார் பார்ப்பது? பரோலோ முன்விடுதலையோ பரிசீலிக்கும் ஒவ்வொரு முறையும், குற்றம் நடந்த நாளின் வயதைத்தான் முதலில் கேட்க வேண்டும். என் கோரிக்கை அதுதான்.

மேல்முறையீடும் போச்சு என்று உட்கார்ந்துவிடாதீர்கள், அம்மா. சம்பவத்தின்போது 18 நிரம்பவில்லை என்ற கோரிக்கையை இறுதித் தீர்ப்புக்குப் பிறகும் எழுப்பலாம். முதலில் பள்ளிச் சான்று, அது இல்லாவிட்டால் மாநகராட்சிப் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லையென்றால்தான் எலும்புப் பரிசோதனை. சிறையில் இருப்பவருக்கு இலவச வக்கீல் உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. டிசி தொலைந்திருந்தால் அவன் படித்த பள்ளியில் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். தனியாகப் போகத் தயக்கமா? நாளைக் காலை 10 மணிக்கு இதே இடத்தில் இருப்பேன். பெட்டியில் இருப்பதையெல்லாம் எடுத்து வாருங்கள்.