ஒழுங்கை வாய்க்கால் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை பெருகும்?

(திரையில்: மதிலில் முழங்கால் உயரத்தில் பழுப்புக் கறை, பக்கத்தில் அளவு நாடா)

இவ்வளவு தண்ணீர் திரும்பவும் எப்போது வரும்? களனி கங்கைக்குக் கொழும்பு நாகலகம் வீதியில் நீர்மட்ட அளவுகோல் இருக்கிறது, பல பத்தாண்டுப் பதிவும் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஓடும் சின்ன வாய்க்காலுக்கு அப்படி எதுவும் கிடையாது. அதனால் மழையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எந்த மழை என்பதில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். 1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் ஏறத்தாழ 494 மில்லிமீற்றர் கொட்டியது. 24ஆல் பிரித்தால் மணிக்கு 21கூட வராது. சின்ன வாய்க்காலுக்கு இந்த நாள் கணக்கு உதவாது. ஆகத் தூரத்துக் கூரையில் விழுந்த தண்ணீர் மதகுக்கு வர அரை மணித்தியாலம் எடுத்தால், அரை மணித்தியால மழைதான் நமக்கு வேண்டியது.

வருடத்துக்கு ஒன்றாக, ஆகக் கூடிய அரைமணி மழையை எடுத்துப் பெரியதிலிருந்து அடுக்குங்கள். வருடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, வரிசை இலக்கத்தால் பிரியுங்கள். 20 வருடப் பதிவில் மூன்றாவது மழைக்கு 21ஐ 3ஆல் பிரிக்க, 7: அவ்வளவு மழை சராசரியாக 7 வருடத்துக்கு ஒருமுறை வரும். முதலாவதை மட்டும் 21 வருட மழை என்று நம்பிவிடாதீர்கள். சராசரியாக 100 வருடத்துக்கு ஒருமுறை வரும் மழையொன்று அந்த இருபது வருடத்துக்குள் விழுந்திருக்க 18 சதவீத வாய்ப்பு உண்டு.

(திரையில்: மதகு வாயில் சிக்கிய பொலித்தீன், மரக்கிளை)

இனி மதகு எவ்வளவு மழையைத் தாங்கும் என்று பார்ப்போம்; அந்த அளவை மேலே அடுக்கிய பட்டியலில் தேடினால் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்பது தெரியும். அகலம் 2 மீற்றர், உயரம் 1.5 மீற்றர், தண்ணீரின் வேகம் செக்கனுக்கு 2 மீற்றர் என்றால் செக்கனுக்கு 6 கன மீற்றர் போகும். வாய்க்காலுக்கு வடியும் நிலம் 50 ஹெக்டேயர், விழும் மழையில் ஓடிவரும் பங்கு 0.7 என்று வையுங்கள். பங்கு, மணிக்கு விழும் மில்லிமீற்றர், ஹெக்டேயர் மூன்றையும் பெருக்கி 360ஆல் பிரித்தால் செக்கனுக்கு எத்தனை கன மீற்றர் என்று வரும். திருப்பிப் போட்டால், மணிக்கு 62 மில்லிமீற்றர் வரை மதகு தாங்கும். மூன்றில் ஒரு பங்கு அடைத்தால் 41தான்: அரை மணித்தியாலத்தில் 20 மில்லிமீற்றர். ஒக்டோபர், நவம்பர் இடிமழைக்கு இது சாதாரணம். மழை அதேதான், ஆனால் மதகு அடைத்தால் வெள்ளம் முன்பைவிட அடிக்கடி வரும்.

வயலும் சதுப்பும் சீமெந்தானால் அந்த 0.7 இன்னும் ஏறும். கங்கை உயர்ந்திருந்தால் வாய்க்கால் வடியவே இடமிராது.

ஆகவே கறையின் உயரத்தோடு, திகதியையும் அன்று மதகு அடைத்திருந்ததா, கங்கை எந்த மட்டத்தில் நின்றது என்பதையும் சேர்த்து எழுதிவையுங்கள்.