திரும்பினால்தான் சுழல் பாலம்

பெரியோர்களே, தாய்மார்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் தம்பிமார்களே, வணக்கம்.

நியூகாசில் என்றதும் டர்பன்காரர்களான நமக்கு நிலக்கரிச் சுரங்கமும், 1913-இல் காந்தியின் தோழர் தம்பி நாயுடு போய் மூட்டிவிட்ட வேலைநிறுத்தமும்தான் ஞாபகம் வரும். அது தென்னாப்பிரிக்காவில், நம் நட்டாலில் இருக்கிற ஊர். நான் பேச வந்தது இங்கிலாந்தில், டைன் நதிக்கரையில் இருக்கிற நியூகாசிலின் சுழல் பாலத்தைப் பற்றி; கப்பல் வந்தால் நடுத்தூணின் மேல் திரும்பி வழிவிடும் பாலம் அது.

அங்கே வீடும் கடையுமாக நெரிந்து கிடந்த பழைய பாலத்தை 1771 நவம்பர் வெள்ளம் இரவோடு இரவாக உடைத்தது. 1917-இல் நம் உம்கேனி ஆறு பெருகி நம் தோட்டக்காரர்களை வாரிக்கொண்டு போன கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அந்த இரவைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. அடுத்துக் கட்டிய கல்பாலம் உறுதியானதுதான். ஆனால் வளைவுகள் தாழ்வு. பெரிய கப்பல் எதுவும் அதைத் தாண்டி மேலே போக முடியாது. ஆற்றின் மேற்பக்கம் எல்ஸ்விக்கில் இருந்ததோ ஆம்ஸ்ட்ராங்கின் பீரங்கித் தொழிற்சாலை! கல்பாலத்தை இடித்துச் சுழல் பாலம் கட்டினார்கள். இயந்திரங்களைச் செய்து கொடுத்தது அதே ஆம்ஸ்ட்ராங் கம்பெனி. 1876 ஜூலை 17-ஆம் தேதி முதன்முதலாக அது வழிவிட்டது, 100 டன் பீரங்கி ஏற்ற வந்த ‘யூரோப்பா’ என்ற இத்தாலியக் கப்பலுக்கு. அழகான பாலம்தான், மறுக்கவில்லை. ஆனால் பீரங்கிக்காகப் பிறந்தது என்பதை விழுங்கிவிட்டுப் புகழ எனக்கு மனம் வராது.

281 அடி நீள இரும்பு எப்படித் திரும்புகிறது? நட்டநடுத் தூணுக்கு அடியில் ஓர் ஆழமான கிணறு. அதில் பெரும் எடை ஒன்றை, அதற்கு அடியில் பம்பு வைத்துத் தண்ணீரைச் செலுத்தித் தூக்கி நிறுத்தியிருப்பார்கள். எடை இறங்க இறங்க அந்தத் தண்ணீர் அழுத்தத்தோடு பாய்ந்து எந்திரத்தை ஓட்டும். பாரத்தின் பெரும்பங்கை நடுவிலுள்ள நீரழுத்தத் தூக்கி ஏந்திக்கொள்ளும். மிச்சம் சுற்றிலும் உள்ள உருளைகள் மேல் ஏறும். பாலத்துக்கு மேலே இருக்கும் கூண்டறையில் நின்று ஒருவர் நெம்புகோலைத் தள்ளுவார். 1959-இல் நீராவிப் பம்புக்குப் பதில் மின்பம்பு வந்தது, தத்துவம் மாறவில்லை.

2019-க்குப் பிறகு பழுதால் பல வருஷம் அது திரும்பவே இல்லை. வாகனம் ஓடியது, மக்கள் நடந்தார்கள். அதனாலேயே யாருக்கும் பெரிய அவசரம் தோன்றவில்லை. எனக்கு இதுதான் உறுத்துகிறது. சாயம் பூசி, விளக்குப் போட்டு, பலகை வைத்துவிட்டால் புனரமைத்தாயிற்று என்று நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது எந்திரம், ஐயா. ஓடாமல் நின்றால் வால்வு இறுகும், உருளை துருப்பிடிக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம், இயக்கத் தெரிந்த கைகள் ஓய்வு பெற்றுப் போவது. நம் கோயில் ரதத்தைத் தெருமுனையில் திருப்ப எங்கே கட்டை போடுவது என்பதைக் காகிதத்தில் எழுதி வைத்துக் கற்க முடியுமா? பழக்கப்பட்டவர் பக்கத்தில் நின்றுதான் பழக வேண்டும்.

ஆகவே பழுதுபார்ப்புக் கணக்கில் சாயத்துக்கு முன்னால் சம்பளம் வர வேண்டும்: இரண்டு இளைஞர்களை, இயக்கத் தெரிந்த பழையவரோடு சேர்த்து, கப்பல் வந்தாலும் வராவிட்டாலும், மாதம் ஒரு முறையாவது பாலத்தைத் திருப்ப வைப்பதற்கான சம்பளம்.