அளந்து பார்ப்பவரிடம் வேலையைக் கொடுங்கள்: ஏசி, வெப்பமூட்டி ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுக்கும் முறை

[காட்சி: சுவரோரம் பிரிக்கப்படாத இரண்டு அட்டைப் பெட்டிகள், அருகே சுருட்டி வைத்த செம்புக் குழாய்.]

குளிரூட்டும் கருவியோ வெப்பமூட்டும் கருவியோ வாங்குபவர்கள், எந்த நிறுவனத்தின் கருவி சிறந்தது என்று நாள்கணக்கில் விசாரிக்கிறார்கள். அதைப் பொருத்தப் போகிறவர் யார் என்று விசாரிக்க ஒரு மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. ஆனால் ஸ்பிளிட் ஏசி என்பது தொழிற்சாலையிலிருந்து முழுமை பெற்று வருகிற பொருள் அன்று. அறைக்குள் ஒன்றும் வெளியே ஒன்றுமாக வைக்க வேண்டிய இரண்டு பெட்டிகளாகத்தான் அது வந்து சேர்கிறது. அவற்றைச் செம்புக் குழாயால் இணைத்து, குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றி, ஒரே மூடிய சுற்றாக ஆக்குபவர் ஒப்பந்ததாரர். கருவியின் உற்பத்தியில் கடைசிக் கட்டம் உங்கள் வீட்டில், அவர் கையால்தான் நடக்கிறது.

அவரை நம்பலாமா என்பதை அறிய, அவருடைய பேச்சைவிட அவர் கையில் இருக்கும் கருவிகளைக் கவனியுங்கள். அவர் எதை அளக்கிறார், அளந்ததை எழுதித் தருகிறாரா என்பதே இந்த வீடியோ முழுவதும் நாம் பேசப்போகும் விஷயம்.

[காட்சி: அறையின் வரைபடம், மேற்குச் சன்னலில் வெயில் விழுகிறது.]

முதல் அளவு, அறையின் வெப்பச் சுமை. ஏசியின் திறனை ‘டன்’ என்கிறோம். அது கருவியின் எடையைக் குறிப்பதில்லை. ஏறத்தாழ 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகத்தில் வெப்பத்தை வெளியேற்றுவதே ஒரு டன்; மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு), அதாவது சுமார் 3.5 கிலோவாட். ஆகவே அறைக்குள் எவ்வளவு வெப்பம் நுழைகிறது என்று கணக்கிடாமல் எத்தனை டன் தேவை என்று சொல்லவே முடியாது. கூரை நேரடியாக வெயிலில் இருக்கிறதா, சன்னல்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றன, கண்ணாடியின் பரப்பு எவ்வளவு, மேற்கூரையின் உயரம் என்ன, எத்தனை பேர் புழங்குவார்கள் என்பனவற்றைக் கேட்டு, நாடா பிடித்து அளந்து பார்ப்பவர் தொழில் தெரிந்தவர். வாசலில் நின்றபடியே “இதற்கு இரண்டு டன் போட்டுவிடலாம்” என்பவர் ஊகிக்கிறார்.

“பெரியதாகவே இருக்கட்டுமே, சீக்கிரம் குளிரட்டும்” என்று நமக்கும் தோன்றும். தேவைக்கு மிகப் பெரிய கருவி அறையை விரைவில் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும்; காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுருளில் படிந்து நீராக வடியப் போதிய நேரம் கிடைக்காது. வெப்பநிலை குறைந்திருந்தும் அறை பிசுபிசுப்பாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்வெர்ட்டர் வகை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்றாலும், அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. வெப்பமூட்டிகளும் அளவுக்கு மீறிப் பெரியதாக இருந்தால், அடிக்கடி எரிந்து அணைந்து தேய்மானத்தைக் கூட்டும்.

[காட்சி: வேக்குவம் பம்ப், அதன் அருகே எண்கள் குறைந்துகொண்டே வரும் அளவி.]

இரண்டாவது அளவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் வாடிக்கையாளர் கண்ணில் படாமல் கைவிடப்படுவது இந்த வேலைதான். குழாய்களை இணைத்த பிறகு, முதலில் உலர்ந்த நைட்ரஜனை அழுத்தத்துடன் செலுத்திக் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பின் வேக்குவம் பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். இங்கே மைக்ரான் என்பது அழுத்தத்தை அளக்கும் மிக நுண்ணிய அலகு; வெளிக்காற்றின் அழுத்தம் 7,60,000 மைக்ரான். அதை 500 மைக்ரானுக்குக் கீழே கொண்டுவருவது தொழிலில் பரவலாக ஏற்கப்பட்ட இலக்கு. பிறகு பம்ப்பை அடைத்துவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருந்து, எண் மேலேறுகிறதா என்று பார்ப்பார்கள். விடாமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு. ஓரளவு ஏறி நின்றால் உள்ளே ஈரம். சாதாரண கேஜின் முள் இவ்வளவு நுண்ணிய அளவைக் காட்டாது. அதற்கென்றே தனி மைக்ரான் அளவி உண்டு.

குழாய்ச் சுற்றில் ஓடி வெப்பத்தைக் கடத்துவது குளிர்பதன வாயு; அதை அழுத்திச் சுழலவைப்பது கம்ப்ரசர். இன்றைய குளிர்பதன வாயுக்களுடன் பெரும்பாலும் பயன்படும் கம்ப்ரசர் எண்ணெய் ஈரத்தை ஆவலோடு உறிஞ்சும் தன்மை கொண்டது. உள்ளே தங்கிய ஈரம் அந்த எண்ணெயுடன் சேர்ந்து அமிலத்தை உண்டாக்கி, கம்ப்ரசரின் மின்சுருளை மெல்ல அரிக்கிறது. பழுது அன்றைக்கே தெரிவதில்லை. சில ஆண்டுகள் கழித்து வெளிப்படும்போது, பொருத்தியவரை யாரும் சந்தேகிப்பதும் இல்லை. அதனால்தான் தொலைபேசியிலேயே, “வேக்குவம் எத்தனை மைக்ரான் வரை இழுப்பீர்கள்?” என்று கேட்டுவிடச் சொல்கிறேன். ஒரு எண்ணைத் தயங்காமல் சொல்பவரிடம் மேற்கொண்டு பேசலாம். கருவியிலுள்ள வாயுவையே கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளிவிடலாம் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். அந்த முறையில் ஈரம் போகாது, வாயு வீணாகும். ஆர்-32 போன்ற எரியக்கூடிய வாயுவாக இருந்தால் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்.

[காட்சி: வெளிப்புற யூனிட்டின் பெயர்த்தகடு, வாயுவின் வகையும் கிராம் அளவும் தெரியும்படி.]

அடுத்தது, “கேஸ் குறைந்துவிட்டது” என்ற வாசகம். ஏசியிலுள்ள வாயு வண்டிக்குப் போடும் எரிபொருளைப் போலத் தீர்ந்துபோவது அன்று. மூடிய சுற்றுக்குள் ஒரே வாயு ஆண்டுக்கணக்கில் சுழன்றுகொண்டிருக்கும். அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் ஆண்டுதோறும் நிரப்பிக் கொடுப்பவர், அடுத்த ஆண்டும் உங்களிடம் வருவதற்கான வழியைத் திறந்தே வைத்திருக்கிறார். தூசி படிந்த வடிகட்டியும் அழுக்கேறிய சுருளும்கூடக் குளிர்ச்சியைக் குறைக்கும் என்பதால், அவற்றை முதலில் சுத்தம் செய்துவிட்டே வாயுவைச் சோதிப்பார் நேர்மையானவர். நிரப்புவதாக இருந்தால், பெயர்த்தகட்டில் உள்ள வகையையே, தராசில் எடைபோட்டு நிரப்ப வேண்டும். ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32, ஆர்-290 ஆகியவை ஒன்றுக்கு ஒன்று மாற்றாகா. ஓசோன் படலத்தைச் சிதைக்கும் ஆர்-22, 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் படிப்படியாகக் கைவிடப்பட்டு வருகிறது. ஆர்-290 என்பது எளிதில் தீப்பற்றும் புரோபேன். பல நாடுகளில் இவற்றைக் கையாளத் தனிச் சான்றிதழ் வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்பது அவமரியாதை ஆகாது.

“கம்ப்ரசர் போய்விட்டது” என்று சொன்னாலும் அளவையே கேளுங்கள். கெபாசிட்டர் என்னும் சிறிய பாகம் பழுதானாலும் கம்ப்ரசர் முனகிக்கொண்டு ஓடாமல் நிற்கும். அதை மாற்ற ஆகும் செலவு கம்ப்ரசர் விலையில் மிகச் சிறு பங்குதான். கெபாசிட்டரின் மேல் அச்சிட்ட மைக்ரோஃபாரட் எண்ணையும் மீட்டர் காட்டும் எண்ணையும் அருகருகே காட்டச் சொல்லுங்கள்.

[காட்சி: எரிவாயு வெப்பமூட்டியின் நீலச் சுடர், புகைபோக்கியில் செருகிய அளவி.]

எரிவாயுவிலோ எண்ணெயிலோ இயங்கும் வெப்பமூட்டி என்றால் பொறுப்பு இன்னும் பெரிது. எரிதல் சரியாக இல்லாவிட்டால் உருவாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உறங்குபவர்களைக் கொன்றுவிடும். சுடரின் நிறத்தைப் பார்த்து “நன்றாகத்தான் எரிகிறது” என்பது போதாது. புகைபோக்கியில் அளவியைச் செருகி எண்ணாகப் பார்க்க வேண்டும். வெப்பப் பரிமாற்றியில், அதாவது எரிபுகையை அறைக்காற்றோடு கலக்கவிடாமல் வெப்பத்தை மட்டும் கடத்தும் பாகத்தில், விரிசல் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், கேமரா வழியாகக் காட்டச் சொல்லுங்கள், இரண்டாவது ஒருவரையும் அழைத்துக் கேளுங்கள். ஆனால் பதில் தெரியும்வரை அந்தக் கருவியை இயக்காதீர்கள்.

உரிமம், காப்பீடு, முந்தைய வாடிக்கையாளர்கள் ஆகியவற்றைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள், அவை தேவைதான். மதிப்பீட்டுத் தாளில் ஒன்றை மட்டும் கூடுதலாகக் கவனியுங்கள். மூன்று பேரிடம் வாங்கிய மதிப்பீடுகளில் ஒன்று மட்டும் மிகக் குறைவாக இருந்தால், அதில் எந்த வேலை விடுபட்டிருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் நைட்ரஜன் சோதனையும் வேக்குவமும் அதில் இருக்காது. “இன்றே கையெழுத்திட்டால்தான் இந்த விலை” என்பவரை அனுப்பிவிடுங்கள்.

[காட்சி: கையெழுத்திட்ட ஒற்றைத் தாள், கைகள் அதைப் பிளாஸ்டிக் உறையில் இடுகின்றன.]

கடைசித் தவணையை ஓட்டம் பார்த்த பிறகு கொடுங்கள். கருவி கால் மணி நேரம் ஓடியதும், உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் வெளியே விடும் காற்றின் வெப்பநிலையையும் அளக்கச் செய்யுங்கள். குளிரூட்டும்போது இடைவெளி பொதுவாக 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் இருக்கும், ஈரம் மிகுந்த நாளில் சற்றுக் குறையலாம். அந்த எண்கள், வேக்குவத்தின் மைக்ரான், சேர்த்த வாயுவின் கிராம், கம்ப்ரசர் இழுக்கும் ஆம்பியர், தேதி, கையெழுத்து ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கி, உறையிலிட்டுக் கருவியின் வாரண்டிச் சீட்டோடு வையுங்கள். அடுத்த முறை பழுது பார்க்க வருபவர் யாராக இருந்தாலும், திருகைத் தொடும் முன் அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள்.