உங்கள் மருந்துச் சீட்டு எத்தனை தடவை செல்லும்? மெடிக்கல்ஸ் அண்ணன் சொல்லாத விதி!

[திரையில்: கத்தரித்த மாத்திரை அட்டை ஒன்று. எட்டு குழி காலி, இரண்டு மாத்திரை மிச்சம்.]

இந்த அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருமுனை மெடிக்கல்ஸுக்குப் போய், "அண்ணே, இதே மாதிரி மூணு அட்டை" என்று கேட்காத வீடு தமிழ்நாட்டில் உண்டா? அவரும் அட்டையைத் திருப்பிப் பார்ப்பார், உள்ளே போவார், பேப்பர் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார். சீட்டு எங்கே என்று கேட்க மாட்டார். சரி, நீங்கள் ரொம்ப ஒழுங்கானவர், சீட்டையும் கொண்டுபோகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சீட்டு ஒரே ஒரு தடவைதான் செல்லும் என்று தெரியுமா?

[தலைப்பு இசை. சின்னதாகப் போதும், எடிட்டர் தம்பி.]

வணக்கம் மக்களே. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'ஷெட்யூல் எச்' என்று இருக்கும், அதாவது டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற பட்டியல். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடுங்கள். பிரஷர் மாத்திரைகள் பலவும் இந்த வகைதான். 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65வது விதி என்ன சொல்கிறது என்றால், இந்த மருந்துகளுக்கு ஒரு சீட்டைக் காட்டி ஒரு முறைதான் வாங்கலாம். 'இத்தனை தடவை கொடுக்கலாம்' என்று டாக்டரே சீட்டில் எழுதியிருந்தால் மட்டும் திரும்ப வாங்கலாம். அதுமட்டுமில்லை, மருந்து கொடுத்த கடைக்காரர் டாக்டரின் கையெழுத்துக்கு மேலே தன் கடையின் பெயர், முகவரி, கொடுத்த தேதி மூன்றையும் குறிக்க வேண்டும். என் அம்மாவின் சீட்டை எடுத்துப் பார்த்தேன். கையெழுத்துக்கு மேலே இருந்தது ஒரு டீக்கறை.

அப்படியென்றால் மாதாமாதம் மாத்திரை சாப்பிடுகிறவர் ஒவ்வொரு முறையும் டோக்கன் போட்டு, பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டுமா? இங்கேதான் வீடியோ கன்சல்டேஷன் வருகிறது.

வரலாறு ஒரே வரியில்: ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், 2020 மார்ச் 25 அன்று, வீடியோ, போன், சாட் வழியாக டாக்டர் எப்படி வைத்தியம் பார்க்கலாம் என்று சொல்லும் மத்திய அரசின் தொலைமருத்துவ வழிகாட்டுதல் வெளியானது. போதும், நகருவோம்.

அந்த வழிகாட்டுதல் மருந்துகளை நான்கு கூடையாகப் பிரிக்கிறது. படித்தபோது எனக்கு எங்கள் ஊர் மளிகைக் கடைதான் ஞாபகம் வந்தது. கேளுங்கள்.

[திரையில்: மளிகைக் கடை படம், கல்லாவில் அண்ணாச்சி]

முதல் கூடை, ஓ பட்டியல். பாராசிட்டமால், ஓஆர்எஸ் பாக்கெட் மாதிரி. கடை வாசலில் தொங்கும் வாழைத்தார் இது. யார் வேண்டுமானாலும் பிய்த்துக்கொள்ளலாம். வீடியோ, போன், சாட் எதில் கேட்டாலும் டாக்டர் எழுதலாம்.

இரண்டாவது, ஏ பட்டியல். புது டாக்டர் என்றால் வீடியோவில் உங்களைப் பார்த்த பிறகுதான் எழுதலாம். புது ஆள் கடன் கேட்டால் அண்ணாச்சி கண்ணாடியை இறக்கி முகத்தைப் பார்ப்பாரே, அது. நம் விஷயமும் இதற்குள்தான் இருக்கிறது. பிரஷருக்கு எனலாப்ரில், அட்டெனலால், சுகருக்கு மெட்ஃபார்மின் என்று ஏற்கெனவே சாப்பிட்டு வரும் மாத்திரைகளைத் தொடர்ந்து எழுதித் தருவது ஏ பட்டியலில் வருகிறது.

மூன்றாவது, பி பட்டியல். பழைய மாத்திரையோடு புதிதாக ஒன்றைச் சேர்ப்பது. மெட்ஃபார்மினோடு சிட்டாகிளிப்டின் என்ற இன்னொரு சுகர் மாத்திரையைச் சேர்ப்பதுபோல. இது நோட்டுப் போட்டு வாங்கும் வாடிக்கையாளருக்கு மட்டும். அதாவது, அதே டாக்டரை அதே நோய்க்காகக் கடந்த 6 மாதத்துக்குள் நேரில் பார்த்திருக்க வேண்டும். அதைத்தான் ஃபாலோ-அப் என்கிறார்கள். ஏழாவது மாதம் போன் போட்டால், எத்தனை வருடப் பழக்கமாக இருந்தாலும் விதிப்படி நீங்கள் புது ஆள்.

நான்காவது கூடை, மார்ஃபின் போன்றவை. போதைப்பொருள் சட்டத்தில் வருபவையும், ஷெட்யூல் எக்ஸ் என்ற கடும் கட்டுப்பாட்டுப் பட்டியல் மருந்துகளும். இவற்றை வீடியோவிலோ போனிலோ எழுதக் கூடாது. 'இன்று ரொக்கம், நாளை கடன்' போர்டுதான். அந்த நாளை வரவே வராது.

[திரையில்: போர்டு மட்டும். மூன்று நொடி நிறுத்து. எனக்கு இந்தப் படம் பிடித்திருக்கிறது.]

இப்போது எங்கள் வீட்டுக் கதை. அம்மாவுக்குப் பிரஷர், அம்லோடிபின் சாப்பிடுகிறார். சீட்டுப் புதுப்பிக்க வழக்கமான டாக்டரையே வீடியோவில் பிடித்தோம். ரெண்டு நிமிஷத்தில் பிடிஎஃப் வந்துவிடும் என்று நினைத்துக் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

"பிபி எவ்வளவும்மா?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் குக்கரைப் பார்த்தேன். மெஷின் பரணில் இருந்தது. இறக்கி, செத்துப்போன பேட்டரிக்குப் பதிலாக டிவி ரிமோட்டிலிருந்து நான்கைப் பிடுங்கிப் போட்டு (இரண்டு ரிமோட், கணக்கு சரிதான்), அளந்து சொன்னோம். அடுத்த கேள்வி, "கால் வீங்குதாம்மா?" அம்மா சிரித்துக்கொண்டே, "நின்னுகிட்டே சமைக்கிறேன்ல டாக்டர், சாயங்காலம் கொஞ்சம் வீங்கும்" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. கேமராவைக் காலுக்குத் திருப்பி, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுக்கச் சொன்னார். எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. கொழுக்கட்டை மாவில் விரல் பதிந்த மாதிரி.

அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்குக் கால் வீக்கம் வரும். வேறு காரணங்களாலும் வரலாம். எதனால் என்று போனில் முடிவு செய்ய முடியாது, நேரில் வாருங்கள் என்றார் டாக்டர். சீட்டு வரவில்லை. குக்கர் மட்டும் ஆறு விசில் அடித்தது. அன்று எனக்குக் கோபம்தான், பணம் கட்டியிருந்தேனே! ஆனால் யோசித்துப் பாருங்கள், மெடிக்கல்ஸ் அண்ணன் மூன்று வருடமாக அட்டையைத்தான் பார்த்தார். காலை யாரும் பார்க்கவில்லை.

அதனால் என் கட்சி இதுதான்: எதுவும் கேட்காமல் ஒரே நிமிடத்தில் சீட்டு அனுப்பும் ஆப் நல்ல ஆப் இல்லை. விதியும் என் பக்கம். நோயை முறையாகக் கண்டறியாமல் மருந்து எழுதினால் அது தொழில் நடத்தை மீறல். சாட்பாட் மருந்து எழுதவும் கூடாது. டாக்டருக்கு உதவலாம், அவ்வளவுதான். "ஹாய், எந்த மாத்திரை வேண்டும்?" என்று ரோபோ கேட்டால் போனைக் கவிழ்த்து வையுங்கள்.

கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு வாரத்து பிபி, சுகர் அளவுகள், பழைய சீட்டு, மாத்திரை அட்டைகள் எல்லாம் மேஜை மேல் இருக்கட்டும். அட்டையைக் கத்தரிக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கத்தைக் கடைசிவரை விட்டுவையுங்கள். அப்புறம் வந்த சீட்டில் டாக்டரின் பதிவு எண், தேதி, கையெழுத்து இருக்கிறதா பாருங்கள். எத்தனை மாதத்துக்கு என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், 65வது விதி இருக்கிறது.

காசு கட்ட வேண்டாம் என்றால் அரசின் ஆன்லைன் டாக்டர் சேவையான இ-சஞ்சீவனி இருக்கிறது, இலவசம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வரும். அதற்குத் தனி வீடியோ போடுகிறேன், பெல் பட்டனை அமுக்கி வையுங்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கைகால் இழுப்பு என்றால் வீடியோ காலே வேண்டாம். நேராக 108.

அம்மாவுக்கு இப்போது மாத்திரை மாற்றியாகிவிட்டது, வீக்கம் வடிந்துவிட்டது. டிவி ரிமோட்டுக்குத்தான் இன்னும் பேட்டரி வாங்கவில்லை. உங்கள் வீட்டில் மாத்திரைகள் எந்த டப்பாவில் இருக்கின்றன? கமென்டில் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் நீல நிற பிஸ்கட் டப்பா, அடியில் ஊசி நூலும் இருக்கும்.