விஷம் துப்பும் நாகம்: நம்ம வேலூர்ப் பக்கம் இருக்கிறதா?

[திரையில்: செல்போனில் ஓடும் ஒரு வீடியோ. கறுத்த பாம்பு ஒன்று படமெடுத்து நிற்கிறது. சட்டென்று கேமரா கண்ணாடியில் துளிகள் தெறிக்கின்றன.]

இந்த மாதிரி வீடியோ உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்திருக்கும். கீழே "அமிர்தி காட்டில் விஷம் துப்பும் பாம்பு, வேலூர் மக்களே உஷார்" என்று எழுதியிருப்பார்கள். அமிர்தி சலித்துப்போனால் ஏலகிரி. ஊர்தான் மாறும், பாம்பு அதேதான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆற்காடு முழுக்கச் சுற்றினாலும், குறிபார்த்து விஷம் துப்பும் பாம்பினம் கிடையாது. ஏரிக்கரையிலும் கரும்புத் தோட்டத்திலும் வைக்கோல் போரிலும் எலியைத் தேடி வருகிறதே, அது நம் நல்ல பாம்பு. அது சீறும், வாயை மூடிக்கொண்டு முட்டி மிரட்டும், வேறு வழியில்லை என்றால் கடிக்கும். துப்பாது.

அப்படியானால் வீடியோ பொய்யா? பெரும்பாலும் நிஜம்தான். ஆப்பிரிக்காவிலோ தென்கிழக்கு ஆசியாவிலோ எடுத்திருப்பார்கள். அங்கே துப்பும் நாகங்கள் பல இனம் உண்டு. அவற்றில் மிகப் பெரியது கென்யாப் பக்கம் வாழ்கிறது, 9 அடி வரை வளரும். அவ்வளவு பெரிய பாம்பைத் தனி இனம் என்று கண்டு பெயர் வைத்ததே 2007-ல்தான்.

[திரையில்: இரண்டு விஷப்பற்கள் அருகருகே, பெரிதாக்கிய படம்.]

விஷயம் பல்லில் இருக்கிறது. கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நாகத்தின் விஷப்பல் மேல்தாடையின் முன்பக்கத்தில் இருக்கும், அளவில் சிறியது. உள்ளே ஒரு குழல் ஓடுகிறது. நல்ல பாம்பின் பல்லில் அந்தக் குழலின் வாய், நுனிக்குச் சற்று மேலே, நீளவாக்கில் திறந்திருக்கும். கடித்த இடத்தில் விஷம் உள்ளே இறங்க அது தோதானது. துப்பும் நாகத்தின் பல்லில் அதே துளை சின்னதாக, கிட்டத்தட்ட வட்டமாக, முன்னால் பார்த்தபடி இருக்கிறது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் எவ்வளவு தூரம் பாய்கிறது! அதே கணக்குதான். விஷப்பையைச் சுற்றியுள்ள தசை இறுகியதும் விஷம் ஆறு, எட்டு அடி தூரம் பீய்ச்சி அடிக்கிறது.

துப்புவது என்று நாம் சொன்னாலும் எச்சிலுக்கும் நாக்குக்கும் இதில் வேலையே இல்லை.

இன்னொன்று. துப்பும்போது பாம்பு தலையைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அசைக்கிறது. அதனால் விஷம் ஒரே கோடாகப் போகாமல், முகத்தின் அகலத்துக்குப் பரவி விழுகிறது. இரண்டு கண்ணில் ஒன்றிலாவது பட்டாக வேண்டுமே! ஆய்வகத்தில் கையை நீட்டிப் பார்த்தார்கள், துப்பவில்லை. முகத்தைக் காட்டி அசைத்தார்கள், துப்பியது. ப்ரூஸ் யங் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் முகத்தை மறைக்கும் கண்ணாடித் தடுப்பை மாட்டிக்கொண்டு பாம்பின் முன்னால் தலையை ஆட்டி அளந்தார்கள். 2010-ல் வெளியான அவர்கள் முடிவு எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். முகம் இப்போது இருக்கும் இடத்தைப் பாம்பு பார்ப்பதில்லை. நொடியில் ஐந்தில் ஒரு பங்கு கழித்து முகம் எங்கே இருக்குமோ, அங்கே அடிக்கிறது.

நம் ஊரில் கண்ணைக் கொத்தும் என்று பெயர் வாங்கியிருப்பது பச்சைப்பாம்பு. பாவம், கொடியோடு கொடியாக ஓணானுக்குக் காத்திருக்கும் பிராணி அது. கண்ணைக் குறிவைக்கும் பாம்பு கடல் தாண்டி இருக்கிறது.

சரி, விஷம் கண்ணில் பட்டால் என்ன ஆகும்? காயமில்லாத தோலில் பட்டால் கழுவிவிட்டுப் போகலாம். கண்ணில் பட்டால் அந்த நொடியே தாங்க முடியாத எரிச்சல், கண்ணைத் திறக்கவே முடியாது. கவனிக்காமல் விட்டால் கருவிழி புண்ணாகிப் பார்வையே போகலாம். இந்த வலி தற்செயலாக வந்ததில்லை. துப்பும் நாகங்களின் விஷத்தில் இரண்டு வகை நச்சுப் புரதங்கள் கைகோத்து வேலை செய்கின்றன. ஒன்று வலி நரம்பைத் தூண்ட, இன்னொன்று அதைப் பல மடங்கு கூட்டிவிடுகிறது. இரை பிடிக்க இந்தத் துப்பல் உதவாது, எலியைப் பிடிக்க அதுவும் கடிக்கத்தான் வேண்டும். எதிரில் நிற்பவரைத் திணறவைத்துவிட்டுத் தப்பி ஓடுவதற்கான ஆயுதம் இது.

[திரையில்: ஆப்பிரிக்கா, ஆசியா வரைபடம். மூன்று இடங்களில் புள்ளிகள் ஒளிர்கின்றன.]

2021-ல் வந்த ஓர் ஆய்வு, இந்தத் திறமை மூன்று தடவை தனித்தனியாகத் தோன்றியது என்று காட்டியது. ஆப்பிரிக்க நாகங்களில் ஒரு முறை, ஆசிய நாகங்களில் ஒரு முறை, தென்னாப்பிரிக்காவின் ரிங்கால்ஸ் என்ற பாம்பில் ஒரு முறை. நிமிர்ந்து நடந்து, கல்லும் கம்பும் எடுத்து எட்ட நின்று அடிக்கும் நம் மூதாதையருக்குப் பயந்துதான் இது வந்திருக்குமோ என்றும் அந்த ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். காலம் ஓரளவு பொருந்துகிறது. ஆனாலும் அது ஊகம்தான், உறுதியாக நம்பிவிட நான் தயாராக இல்லை.

வேலூரில் இருப்பவருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். மலேசியாவில் சொந்தக்காரர் இல்லாத தெரு இங்கே எத்தனை? மலேசியாவின் செம்பனைத் தோட்டத்திலும் வீட்டுக் கொல்லையிலும் துப்பும் நாகம் சர்வசாதாரணம். அங்கே வேலைக்குப் போகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். விஷம் கண்ணில் பட்டால் தேய்க்கக் கூடாது. சுத்தமான தண்ணீரை 15, 20 நிமிடம் விடாமல் ஊற்றிக் கழுவ வேண்டும். பட்ட கண் கீழ்ப்பக்கம் வரும்படி தலையைச் சாய்த்துக்கொண்டால் அடுத்த கண்ணுக்கு ஓடாது. தழைச் சாறு, தாய்ப்பால் என்று யார் என்ன கொடுத்தாலும் வாங்காதீர்கள். கழுவி முடித்ததும் நேராகக் கண் மருத்துவர்.

அப்புறம், நம் நல்ல பாம்புக்கு வருவோம்.

[திரையில்: மண்பானைகள். ஒருவர் பாம்பின் கழுத்தைப் பிடித்திருக்கிறார். எதிரே, வாயில் சவ்வு கட்டிய கண்ணாடிக் குடுவை.]

மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-லிருந்து இருக்கிறது. பிடித்த பாம்பைப் பானையில் வைத்திருந்து, விஷம் எடுத்துவிட்டு, காட்டிலேயே விட்டுவிடுவார்கள். குடுவையின் சவ்வில் பாம்பு பல்லைப் பதித்ததும் மஞ்சளாக, கொஞ்சம் கெட்டியாக, கண்ணாடியை ஒட்டி வழிகிறது பாருங்கள், அதுதான் விஷம். அதைக் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து தயாராகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்து.

நல்ல பாம்பு கடித்தால் கடிவாய் வீங்கி வலிக்கும். கண் இமை தானாகச் சரியும், பேச்சு குழறும், பிறகு மூச்சு திணறும். கயிறு கட்டுவதும் கீறுவதும் வாய் வைத்து உறிஞ்சுவதும் நேரத்தை வீணாக்கிக் காயத்தையும் பெரிதாக்கும். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ சி.எம்.சி.யோ, எது சீக்கிரம் எட்டுமோ அங்கே போக வேண்டும்.

எட்டுவதுதான் இங்கே பிரச்சினை. 2023 மே மாதம் அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. அப்போது மலைக்குச் சரியான சாலை இல்லை. ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே குழந்தை இறந்துவிட்டது. உடலைக் கொண்டுபோன ஆம்புலன்ஸும் பாதி வழியோடு நின்றுவிட, தாய் கையில் சுமந்துகொண்டு மலையேறினார். துப்பும் பாம்பு பற்றிய வீடியோவைப் பத்துப் பேருக்கு அனுப்புகிறவர்கள் இதையும் அனுப்பியிருக்கலாம்.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோய்ப் பட்டியலில் சேர்த்தது. இனி எந்த மருத்துவமனைக்குக் கடிபட்டவர் வந்தாலும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். எந்த ஊரில் கடி அதிகம், எங்கே மருந்து வேண்டும் என்பது அந்தக் கணக்கு வந்தால்தான் தெரியும்.

வீட்டுக்குள் நல்ல பாம்பு நுழைந்துவிட்டால் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். கம்பை எடுக்க வேண்டாம். அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் பிராணி, அடித்தால் வழக்கு. பிள்ளைகளையும் நாயையும் வெளியே அனுப்பிவிட்டு, ஒருவர் மட்டும் எட்ட நின்று அது எந்த மூலைக்குள் போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கட்டும். பிடிக்க வருகிறவர் வாசலில் நின்று முதலில் கேட்பது அதைத்தான்.