கடலுக்குள் நிற்கும் வாசல், மண்ணில் புதைக்காத கால்கள்: மியாஜிமாவில் ஒரு நாள்

(காட்சி: நீர் நிறைந்த கடல், நடுவே செம்மஞ்சள் நிற வாசல்)

இந்த வாசலை நன்றாகப் பாருங்கள். 16 மீட்டருக்கும் மேல் உயரம். ஏறக்குறைய 60 டன் எடை. முழுக்க மரம். கடலுக்குள் நிற்கிறது, ஆனால் இதன் கால்களில் ஒன்றைக்கூட மண்ணில் புதைக்கவில்லை. 1875இல் கட்டினார்கள், இன்றுவரை வைத்த இடத்தில் அப்படியே நிற்கிறது. எப்படி என்று சொல்கிறேன். கூடவே ஒரு மான் என் திட்டத்தைத் தின்ற கதையும் உண்டு.

வணக்கம் மக்களே! இடம், ஜப்பானில் மியாஜிமா தீவு. அதிகாரப்பூர்வப் பெயர் இட்சுகுஷிமா. ஹிரோஷிமாவிலிருந்து ரயிலில் அரை மணி நேரம், பிறகு படகில் 10 நிமிடம். இங்குள்ள கோயிலை 12ஆம் நூற்றாண்டில் பெரிதாக எடுத்துக் கட்டியவர் தாய்ரா நோ கியோமோரி என்ற பிரபு. 1996இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அவ்வளவுதான், வரலாற்று வகுப்பு முடிந்தது.

(காட்சி: படகுத்துறை, மான்கள்)

இந்தத் தீவுக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டியது கடிகாரத்தை அல்ல, கடல் ஏற்ற வற்ற அட்டவணையை. நீர்மட்டம் 250 சென்டிமீட்டரைத் தாண்டினால் வாசல் மிதப்பது போலத் தெரியும். 100க்குக் கீழே இறங்கினால் அதன் காலடி வரை நடந்தே போகலாம். நானும் பொறுப்பாக இரண்டு நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு படகிலிருந்து இறங்கினேன். பின்னால் யாரோ இழுத்தார்கள். திரும்பினால் மான்! பாதித் தாள் அதன் வாயில். மிச்சப் பாதியில் 'ஏற்றம், காலை 9.40' என்று மட்டும் இருந்தது. வற்றம் மானின் வயிற்றுக்குள் போய்விட்டது.

சரி, ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் ஆறு மணி நேர இடைவெளி. கூட்டிப் பார்த்தால் நான்கு மணி வாக்கில் வற்றம். அதுவரை ஊர் சுற்றலாம்.

(காட்சி: கோயிலின் நீண்ட நடைக்கூடம், பலகைத் தரை)

முதலில் கோயில். தீவே தெய்வம், அதை வெட்டிக் கட்டடம் எழுப்பக் கூடாது என்றுதான் நீரின் மேல் கட்டினார்கள் என்பார்கள். தரைப் பலகைகளுக்கு நடுவே சின்னச் சின்ன இடைவெளி. குனிந்து பார்த்தால் கீழே தண்ணீர் பளபளக்கிறது. தச்சரின் கவனக்குறைவு என்று நினைக்காதீர்கள். புயல் நாளில் கடல் பொங்கினால் தண்ணீர் அந்த இடுக்குகள் வழியாக மேலே வந்துவிடும், தரையைப் பெயர்த்துத் தூக்காது. கடலோடு மல்லுக்கட்டாமல் வழிவிட்டுப் பிழைக்கிற கட்டடம்.

இப்போது வாசல் ரகசியம். இதற்குத் தோரி என்று பெயர். இரண்டு பெரிய தூண்களும் கற்பூர மரம், எளிதில் உளுக்காது. ஒவ்வொரு தூணுக்கும் முன்னும் பின்னும் துணைக்கால்கள், ஆக மொத்தம் ஆறு கால்கள். அடியில் சேற்றுக்குள் நெருக்கமாக அடித்த பைன் மரக் கட்டைகள். இதெல்லாம் பாதிதான். மீதி ரகசியம் தலையில் இருக்கிறது. மேலே கிடைமட்டமாக ஓடுகிற உத்தரம் உள்ளே பெட்டி மாதிரி. அதற்குள் கைப்பிடி அளவுக் கற்களை, சுமார் 7 டன், கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். அந்தப் பாரம் அழுத்துகிற அழுத்தத்தில் ஆறு கால்களும் நகராமல் நிற்கின்றன. தலைக்கனம் என்றால் நம் ஊரில் திட்டு. இங்கே வாசலைக் காப்பாற்றுவதே அந்தத் தலைக்கனம்தான்!

(காட்சி: எண்ணெயில் பொரியும் பலகாரம்)

அப்புறம் சாப்பாடு. மோமிஜி மாஞ்சு என்று மேப்பிள் இலை வடிவத்தில் ஒரு குட்டி கேக், உள்ளே இனிப்புப் பயற்று விழுது. அதையே மாவில் முக்கி, குச்சியில் குத்தி, எண்ணெயில் பொரித்தால் ஆகே மோமிஜி. முதல் கடியிலேயே சிரித்துவிட்டேன். இது நம் சுழியத்தின் பங்காளி! மேலே மொறுமொறு, உள்ளே சுடச்சுட இனிப்புப் பூரணம். நாக்கைச் சுட்டுக்கொள்வதுகூட அதே மாதிரிதான். கேக்கில் முட்டை உண்டு, சாப்பிடாதவர்கள் கவனியுங்கள். கடல் விலாங்கைச் சுட்டுச் சோற்றின் மேல் அடுக்கித் தரும் அனாகோமெஷியும் ருசி. தணலில் வாய் பிளக்கும் சிப்பியும் ருசி. ஆனால் என் ஓட்டு சுழியத்துக்குத்தான்.

கடைத்தெருவில் இன்னொரு ஆச்சரியம். 7.7 மீட்டர் நீளம், 2.5 டன் எடையில் ஒரு மர அகப்பை. ஷாமோஜி, அதாவது சோறு அள்ளும் கரண்டி, இந்த ஊரின் அடையாளம். ஏன் தெரியுமா? 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், பக்தர்களுக்கு விற்க ஏதாவது வேண்டும் என்று சேய்ஷின் என்ற துறவி யோசித்தார். பென்சாய்தென் தேவியின் கையில் இருக்கும் பிவா என்ற நரம்புக் கருவியின் வடிவத்தில் கரண்டி செதுக்கச் சொல்லிக்கொடுத்தார் என்கிறது ஊர்க்கதை. அந்தத் தேவி யார்? பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பான் போய்ச் சேர்ந்த நம் சரஸ்வதி! கோயிலுக்குப் பக்கத்திலேயே தைகன்ஜி என்ற பௌத்தக் கோயிலில் அவளுக்குச் சன்னிதியும் உண்டு. கலைமகளின் வீணை இங்கே வந்து அகப்பையாகிவிட்டது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்று பழகிய நமக்கு, கும்பிடுகிற அகப்பை புதுசுதானே? உங்கள் வீட்டுக் கரண்டிக்கு என்ன பெயர், ஷாமோஜிக்கு எதிராக எது ஜெயிக்கும், கமெண்ட்டில் சொல்லுங்கள்.

தீவில் ஒரு மலையும் உண்டு, மிசென், 535 மீட்டர். ரோப் காரில் போனாலும் கடைசிப் பகுதியை நடந்துதான் ஏற வேண்டும். நான் சுழியம் தின்ற வயிறோடு ஏறவில்லை.

(காட்சி: வற்றிய கடல், ஈர மணல்)

மணி நான்கு. கணக்கு தப்பவில்லை. காலையில் படகு போன இடத்தில் இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். ஈர மணலில் செருப்பு புதையப் புதைய வாசலின் கீழ் போய் நின்றேன். தூணின் அடிப்பகுதி முழுக்கக் கொட்டலசு. மர விரிசல்களில் யாரோ செருகிய நாணயங்கள். வேண்டுதலாம். தயவுசெய்து நீங்கள் செருகாதீர்கள், மரம் பாழாகிறது. அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேல் 7 டன் கல். கொஞ்சம் நகர்ந்தே நின்றேன்.

திரும்பும்போது படகுத்துறையில் அதே மான் மாதிரி ஒன்று காத்திருந்தது. டிக்கெட்டைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.