வலிக்கும்போதே ரத்தம் எடுங்கள்

வணக்கம் நேயர்களே. பரம்பரையாக வரும் கணைய அழற்சி, அதாவது கணையம் வீங்கிப் புண்ணாகும் நோய் பற்றித்தான் இன்றைய பேச்சு. பெயரைக் கேட்டு வானொலியை அணைத்துவிடாதீர்கள். அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கும் பிள்ளை எந்த வீட்டிலும் இருக்கலாம்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் குறுக்கே கிடக்கிறது. அதனால்தான் வலி மேல்வயிற்றில் கிளம்பி முதுகுக்குப் பாய்கிறது. புரதத்தை அறுக்கும் டிரிப்சின் என்ற செரிமான நொதி அங்கேதான் உருவாகிறது, உறையில் போட்ட கத்தியாக. சிறுகுடலுக்குப் போன பிறகே உறை கழல வேண்டும். தப்பித்தவறி உள்ளேயே கழன்றால், டிரிப்சின் தன்னைத்தானே வெட்டி முடித்துக்கொள்ள அதன் 122ஆம் இடத்தில் ஒரு வெட்டுப்புள்ளி உண்டு. பிஆர்எஸ்எஸ்1 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் அந்தப் புள்ளி போய்விடும். கணையம் தன்னையே செரிக்கத் தொடங்கும். 1996இல் கண்டறிந்த விஷயம் இது.

தாய், தந்தை யாராவது ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் மாற்றம் இருப்பவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேருக்குத்தான் நோய் வெளிப்படும். ஆகவே பாட்டிக்கு இருந்து, அம்மாவைத் தொடாமல், பேரனுக்கு வரலாம். "எனக்கு ஒன்றுமில்லையே, பிள்ளைக்கு எப்படி?" என்று கேட்க இடமில்லை.

இப்போது நான் எங்கே போனாலும் சொல்லும் விஷயம். ரத்தப் பரிசோதனையை வலி இருக்கும்போதே செய்யுங்கள். பெரும்பாலும் என்ன நடக்கிறது? இரவில் வலி. மறுநாள் கொஞ்சம் தேவலை. நாலைந்து நாள் கழித்துப் பரிசோதனை, "எல்லாம் சரியாக இருக்கிறது, பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் நடிக்கிறான்." தாக்குதலின்போது ரத்தத்தில் ஏறும் அமைலேஸ் என்ற கணைய நொதி மூன்று முதல் ஐந்து நாளில் இயல்புக்கு இறங்கிவிடுமே! லைப்பேஸ் என்ற இன்னொரு கணைய நொதி ஒரு வாரம் தாண்டியும் உயர்ந்திருக்கும். இரண்டில் ஒன்றுதான் என்றால் லைப்பேஸ் கேளுங்கள். இயல்பின் மேல் எல்லையைப்போல் மூன்று மடங்கு, கூடவே அந்த முதுகுக்குப் பாயும் வலி, இரண்டும் சேர்ந்தாலே கணைய அழற்சி என்று உறுதி செய்யலாம். இன்னொன்று: வருடக்கணக்கில் தழும்பேறிய கணையத்தில் வலி வந்தாலும் இந்த எண் ஏறாமல் போகலாம். எனவே முதல் சில தாக்குதல்களின் அறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள். மறுபடியும் சொல்கிறேன், வலிக்கும்போதே.

குடும்பத்தில் மரபணுப் பரிசோதனை செய்வதானால் நோய் உள்ளவரிடம் தொடங்குங்கள். அவரிடம் எந்த மாற்றம் என்று தெரியாமல் தம்பிக்கு "இல்லை" என்று வந்தால் அதற்கு அர்த்தமே கிடையாது.

நேரமாகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மது கூடவே கூடாது. புகை அதைவிட மோசம்: இந்த நோயாளிகளுக்குக் கணையப் புற்றுநோய் அபாயத்தை இரட்டிப்பாக்கி, ஏறக்குறைய 20 ஆண்டு முன்னதாகவே கொண்டுவருகிறது. மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தால் நொதி மாத்திரை தேவைப்படும். பெரியவர்களுக்குப் பொதுவாக முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 லைப்பேஸ் அலகு, சிற்றுண்டிக்குப் பாதி. குழந்தைகளுக்கு எடையைப் பார்த்து மருத்துவர் சொல்வார். முதல் கவளத்தோடு போட வேண்டும், சாப்பிட்டு முடித்த பிறகு அல்ல. கேப்சூலுக்குள் இருக்கும் மணிகளை மெல்லவும் கூடாது. வணக்கம்.